காவிரிப் படுகையிலிருந்து ஒகேனக்கல்லுக்கு: குடும்பத்தோடு காரில் போய்வர ஒரு வழிகாட்டி

தஞ்சாவூரிலிருந்து ஒகேனக்கல் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து புறப்படுகிறவர்கள் இதனோடு 40 கிலோமீட்டரையும், திருவாரூர்க்காரர்கள் 55 கிலோமீட்டருக்கு மேலும், நாகப்பட்டினத்துக்காரர்கள் 80 கிலோமீட்டருக்கு மேலும் கூட்டிக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் வேன் ஏறி மறுநாள் நள்ளிரவில் வீடு திரும்பும் வழக்கமும் நம் பக்கத்தில் உண்டு. ஆனால் அப்படிப் போகிறவர்கள் அருவியின் அருகில் கழிக்கும் நேரத்தைவிட வண்டிக்குள் கழிக்கும் நேரமே பல மடங்கு அதிகம். பெரியவர்களும் குழந்தைகளும் உடன் வரும்போது அது பயணமாக இல்லாமல் தண்டனையாகிவிடும். மூன்று பகல், இரண்டு இரவு என்று திட்டமிடுவதே சரி. போகும்போது நெடுஞ்சாலையில் விரைவாகப் போய்ச் சேர்ந்து, வரும்போது ஆற்றின் கரையோடு மெதுவாக இறங்கி வரும் ஏற்பாட்டை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. அதற்கான காரணங்கள் போகப் போகத் தெரியும்.

எப்போது புறப்படுவது

இந்தப் பயணத்துக்கான தேதியை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்வது போதாது; நீர்வரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். படுகைக்காரர்களுக்கு இது புதிய பழக்கமன்று. மேட்டூரில் எத்தனை அடி, கல்லணையில் எத்தனை கன அடி என்று காலையில் செய்தித்தாளில் தேடிப் பார்ப்பது நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பதுதான். அதே செய்தியின் அருகிலேயே ஒகேனக்கல்லுக்கு வினாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது என்பதும் அச்சாகியிருக்கும். கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி நீர் அளக்கப்படும் பிலிகுண்டுலு, ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் தர வேண்டுமென உறுதி செய்த 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தண்ணீரும் இந்த இடத்தில்தான் கணக்கிடப்படுகிறது. நாள் முழுவதும் வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஓடினால் ஒரு டிஎம்சி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், செய்தியில் வரும் எண் எவ்வளவு தண்ணீரைக் குறிக்கிறது என்பது எளிதாக விளங்கும்.

இங்கே நம்மவர்களுக்கு இரண்டு இடங்களில் கணக்குத் தப்புகிறது. முதலாவது, மேட்டூர் அணை மூடியிருந்தால் ஒகேனக்கல்லிலும் தண்ணீர் இருக்காது என்ற எண்ணம். ஜூன் 12 அன்று அணையைத் திறந்து ஜனவரி 28 அன்று மூடும் மரபோடு நம் வாழ்க்கை பின்னிக் கிடப்பதால் இந்த எண்ணம் இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் ஒகேனக்கல் மேட்டூருக்கு மேலே இருக்கிறது. ஆகவே மேட்டூர் மதகுகள் திறந்திருக்கின்றனவா இல்லையா என்பதற்கும் அருவிக்கும் தொடர்பில்லை. கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளிலிருந்து திறக்கப்படும் நீரும், அவற்றுக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையில் பெய்யும் மழையுமே அருவியின் அளவைத் தீர்மானிக்கின்றன.

இரண்டாவது, தண்ணீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம். குறுவைக்கு நாற்று விட்டுவிட்டுக் காத்திருக்கும் மனம் அப்படித்தான் நினைக்கும். ஆனால் வயலுக்கு நல்ல வெள்ளம் அருவிக்கு நல்லதன்று. ஒகேனக்கல்லில் ஆறு ஒரே இடத்தில் விழுவதில்லை. பாறைகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து, ஆழமான இடுக்குக்குள் பல இடங்களில் விழுகிறது. வெள்ளம் பெருகும்போது அந்தப் பாறைகளும், அவற்றோடு அருவிகளும் மூழ்கிவிடுகின்றன. செந்நிறத்தில் ஒரே பரப்பாக ஓடும் ஆற்றைத் தொலைவிலிருந்து பார்க்கலாம், அவ்வளவே. 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் தென்மேற்குப் பருவத்தில் நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அத்தகைய நாட்களில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்துவிடும். அதைவிட மிகக் குறைந்த அளவிலும் தடை வருவதுண்டு. என் கணிப்பில், நீர்வரத்து சில ஆயிரம் கன அடி என்ற அளவில் ஏற்ற இறக்கமில்லாமல் இருக்கும் வாரமே குடும்பத்தோடு போக ஏற்றது. எண் பத்தாயிரத்தை நெருங்கி மேலும் ஏறிக்கொண்டிருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பது நல்லது. மேலணைகளில் திறக்கும் தண்ணீர் ஓரிரு நாளில் வந்து சேர்ந்துவிடும் என்பதால், புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாள் செய்தியையாவது தொடர்ந்து பார்க்க வேண்டும். கர்நாடக அணைகள் நிரம்பும் தறுவாயில் இருக்கின்றன என்று செய்தி வந்தால் அறைக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.

ஆடிப்பெருக்கு அன்று அங்கே போக வேண்டும் என்று பலருக்கு ஆசை இருக்கும். அன்றைக்குக் கூட்டம் அலைமோதும்; தண்ணீரும் பெரும்பாலும் மிகுதியாக இருக்கும். பதினெட்டாம் பெருக்குக்குத் திருவையாற்றுப் படித்துறையும் திருச்சி அம்மா மண்டபமும் போதும். காணும் பொங்கலுக்கும் இதே அறிவுரைதான். பள்ளிக் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குக் காலாண்டு விடுமுறையும் அரையாண்டு விடுமுறையும் பொருத்தமானவை. விவசாயக் குடும்பங்களுக்குச் சம்பா அறுவடை முடிந்து கை ஓயும் மாசி மாதம் வசதியாக இருக்கும். மாசியில் அருவி மெலிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் குறைந்த நீரில்தான் பரிசல் அருவியின் காலடி வரை போக முடியும் என்பதால் அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. எந்த மாதமானாலும் சனி, ஞாயிறு தவிர்த்து வார நாளில் போவது பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

போகும் வழி

தஞ்சாவூரிலிருந்து காலை 5 மணிக்குள் புறப்பட்டால் திருச்சி நகரத்து நெரிசல் தொடங்கும் முன் அதைக் கடந்துவிடலாம். திருச்சியிலிருந்து முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல், அங்கிருந்து சேலம், பின்னர் தருமபுரி, பென்னாகரம், ஒகேனக்கல் என்பது நேரான வழி. திருச்சிக்கும் தொட்டியத்துக்கும் இடையே சாலை காவிரியின் வடகரையோடு போகிறது. படுகையில் வாய்க்கால்களாகப் பிரிந்து ஓடும் ஆறு, முசிறிப் பக்கத்தில் எதிர்க்கரை எட்டிப் போகும் அகண்ட காவிரியாக விரிந்து கிடப்பதைக் காலை வெயிலில் பார்க்கலாம். காலை உணவை இந்தப் பகுதியில் வைத்துக்கொள்வது நல்லது.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் உணவகங்களுக்குக் குறைவில்லை. இருந்தாலும் முதல் நாளுக்கான கட்டுச்சோற்றை வீட்டிலிருந்து எடுத்துச் செல்வது நேரத்தையும் வயிற்றையும் காப்பாற்றும். காலைக்கு இட்லிதான் உகந்தது. மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இட்லியின் இருபுறமும் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்தால் சட்னி, சாம்பார் என்று தனித்தனிப் பாத்திரம் தேவைப்படாது. மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் போதும். புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்து வைத்துக்கொண்டு, விடியற்காலையில் உதிரியாக வடித்த சோற்றை நன்றாக ஆறவைத்த பிறகு கலக்க வேண்டும்; சூட்டோடு கலந்து மூடினால் நண்பகலுக்குள் நீர்விட்டுப் போகும். தயிர்சாதத்துக்குச் சோற்றைக் குழைய வடித்து, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டித் தயிரை மட்டும் சேர்த்தால், சாப்பிடும் நேரத்தில் புளிக்காமல் பதமாக இருக்கும். தொட்டுக்கொள்ள வடுமாங்காய், மோர்மிளகாய், உருளைக்கிழங்கு வறுவல். தேங்காய் சேர்த்த எதையும் எடுத்துச் செல்ல வேண்டாம். குடிதண்ணீரைப் பெரிய குடுவைகளில் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருப்பது ஒருபுறமிருக்க, அந்த ஆற்றில் எறியப்படும் தட்டும் குவளையும் மேட்டூருக்குப் போய்ச் சேரும். மேட்டூர்த் தண்ணீர் எங்கே வருகிறது என்பதை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாமக்கல்லில் வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்தலாம். கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும் 18 அடி உயர ஆஞ்சநேயரையும், மலைப்பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட நரசிம்மர் கோயிலையும் அருகருகே பார்த்துவிடலாம் என்பதோடு, தொடர்ந்து உட்கார்ந்து வந்த பெரியவர்களின் கால்களுக்கு அது ஓய்வாகவும் இருக்கும். சேலத்தில் நகரத்துக்குள் நுழையாமல் புறவழிச்சாலையிலேயே போய்விட வேண்டும். சுங்கச்சாவடிகள் பல உண்டு. பாஸ்டேக் கணக்கில் போதிய பணம் இருக்கிறதா என்பதை முதல் நாள் இரவே பார்த்துக்கொள்ளவும்.

சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவில் வருவது தொப்பூர் கணவாய். விபத்துகளுக்குப் பெயர்போன இடம் அது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போதுதான் சாலை நீண்ட இறக்கமாக இறங்குகிறது. பாரம் ஏற்றிய லாரிகள் அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள் மீது மோதுவது அங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது. போகும்போது நமக்கு அது ஏற்றம்; லாரிகளுக்கு இடம் விட்டு இடப்புறமாக நிதானமாக ஏறினால் போதும். வரும்போது அந்த இறக்கத்தைத் தவிர்ப்பதே, வேறு வழியாகத் திரும்பச் சொல்வதற்கான முதல் காரணம்.

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. மதிய உணவை இந்த ஊரைச் சுற்றி எங்காவது நிழலில் முடித்துவிட்டு, பென்னாகரத்தில் எரிபொருள் நிரப்பி, கையில் ரொக்கம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பென்னாகரத்தைத் தாண்டியதும் காடும் வளைவுகளும் நிறைந்த மலைச்சாலை கீழ்நோக்கி இறங்கும். சமவெளியிலேயே வண்டி ஓட்டிப் பழகிய நம்மவர்கள் இங்கே பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரிலேயே இறங்க வேண்டும். யானைகள் சாலையைக் கடக்கும் பகுதி என்பதால் இருட்டிய பிறகு இந்தச் சாலையில் போகக் கூடாது. பகலிலும் குரங்குகளுக்குத் தின்பண்டம் போடுவதற்காகவோ படம் எடுப்பதற்காகவோ இறங்க வேண்டாம்.

அருவியின் அருகில்

பிற்பகலில் போய்ச் சேர்ந்ததும் நேரே தண்ணீருக்கு ஓடாமல், அறையில் பெட்டிகளை வைத்துவிட்டுத் தொங்குபாலத்துக்கு நடந்து போய் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே குளிக்க அனுமதி இருக்கிறது, எந்தப் பக்கம் தடுப்பு போட்டிருக்கிறார்கள், பாட்டியால் எதுவரை நடக்க முடியும், உடை மாற்றும் அறை எங்கே என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். தங்குவதற்குத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடும் தனியார் விடுதிகளும் ஒகேனக்கல்லிலேயே இருக்கின்றன. விடுமுறை நாட்களில் அறை கிடைக்காதவர்கள் தருமபுரியில் தங்கிக் காலையில் வரலாம்.

குளியலும் பரிசலும் மறுநாள் காலைக்கு. விடிந்து வெயில் ஏறுவதற்குள் அருவிக்கு வந்துவிட்டால், வெளியூர் வேன்கள் வந்து இறங்கும் முன் நிம்மதியாகக் குளித்து எழலாம். எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுகிறவர்கள் அங்கேயே இருப்பார்கள். ஒகேனக்கல் போய் எண்ணெய் தேய்க்காமல் வருவது ஆண்களுக்குப் பெரிய இழப்புதான். கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளவும். முதுகுவலி, எலும்பு முறிவு போன்ற தொல்லை உள்ளவர்கள் அவர்கள் கையில் உடம்பைக் கொடுக்க வேண்டாம். எண்ணெய் தேய்த்த காலோடு பாறையில் நடக்கும்போது ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பெண்கள் புடவையைவிடப் பருத்திச் சுடிதாரில் குளிப்பது பாதுகாப்பு. நனைந்த புடவை காலைத் தடுக்கும். சோப்பும் ஷாம்பூவும் வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பதால், அங்குள்ள மக்களின் குடிநீருக்காக ஒகேனக்கல்லிலிருந்தே காவிரி நீர் எடுத்துச் செல்லப்படுகிறது.

படுகையில் பிறந்தவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. வெண்ணாற்றிலும் குடமுருட்டியிலும் குதித்து நீச்சல் கற்றவர்கள் நாம். ஆற்றுக்குப் பயப்படுவது நமக்குக் கௌரவக் குறைச்சலாகத் தோன்றும். ஆனால் நம் ஆறுகளின் அடியில் இருப்பது மணல். கால் தரித்து நிற்கலாம், இழுத்துச் சென்றாலும் ஏதாவது ஒரு மேட்டில் ஒதுங்கலாம். ஒகேனக்கல்லில் இருப்பது கார்பனடைட் என்னும் மிகப் பழைமையான கடும்பாறை. அதன் மேல் பாசி, அதன் இடுக்குகளில் ஆழம் தெரியாத சுழல். ஆற்றில் முதலைகளும் உண்டு. நம் ஊரில் கற்ற நீச்சல் அங்கே உதவாது. கம்பித் தடுப்புப் போட்ட அருவியில் மட்டும் குளிக்க வேண்டும். மாமாவும் சித்தப்பாவும் பையன்களை அழைத்துக்கொண்டு ‘கூட்டமில்லாத இடம்’ தேடிப் போவதை வீட்டுப் பெரியவர் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

பரிசலுக்கும் ஒழுங்கு உண்டு. கட்டணத்தையும், ஒரு பரிசலில் எத்தனை பேர் ஏறலாம் என்பதையும் பரிசல் துறையில் எழுதி வைத்திருப்பார்கள். அங்கே சீட்டு வாங்கி, லைஃப் ஜாக்கெட்டை வாங்கி, கொக்கிகளை முழுவதும் மாட்டிய பிறகே ஏற வேண்டும். துறைக்கு வெளியே அணுகி, குறைந்த விலைக்கு அழைத்துப் போகிறேன் என்கிறவரோடு போகக் கூடாது. மூங்கிலால் பின்னி அடியில் நீர் புகாத உறை போட்ட வட்டமான பரிசலில் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால்தான் அது கவிழாமல் மிதக்கும். ஆகவே ஓட்டுநர் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, படம் எடுக்க எழுந்து நிற்காமல் இருக்க வேண்டும். செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே, சாரல் முகத்தில் அடிக்க அருவிக்கு நேர் கீழே போய்ச் சுற்றி வரும் அந்தச் சவாரிக்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம் என்பதால் பெரியவர்களும் தயங்காமல் ஏறலாம். மடியில் வைத்துக்கொள்ளும் வயதுக் குழந்தையை மட்டும் கரையில் ஒருவரிடம் விட்டுப் போவது நல்லது.

குளிக்கப் போகும் முன்பே மதிய உணவுக்குச் சொல்லிவிடுங்கள். மீனை நீங்களே பார்த்து வாங்கிக் கொடுத்தால், அங்கே சமைத்துத் தருகிற பெண்கள் குழம்பு வைத்து, வறுத்து, சோற்றோடு தருவார்கள். செவுள் சிவந்திருக்கும் மீனாக வாங்க வேண்டும். கட்லாவும் ரோகுவும் எளிதில் கிடைக்கும், கெளுத்தி கிடைத்தால் குழம்புக்கு அதுவே மேல். கடல்மீன் பழகிய நாகப்பட்டினத்துக்காரர்கள் முகம் சுளிக்கக்கூடும். அருவியில் குளித்து எழுந்த பசியில் அந்தக் குறை தெரியாது. சைவ உணவுக்காரர்கள் விடுதியிலேயே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

திரும்பும் வழி

இரண்டாம் நாள் பிற்பகலில் பென்னாகரத்துக்கு ஏறி, பெரும்பாலை, மேச்சேரி வழியாக மேட்டூர் வந்தால் தொப்பூர் இறக்கம் தவிர்க்கப்பட்டுவிடும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்டு, 120 அடி உயரத்துக்கு 93.47 டிஎம்சி தண்ணீரைத் தேக்கும் அணையை, அதன் எண்களை மட்டும் ஆயுள் முழுவதும் படித்துக்கொண்டிருக்கும் நம் வீட்டுத் தாத்தாக்கள் ஒருமுறை நேரில் பார்த்தாக வேண்டும். பலருக்கு அருவியைவிட இதுவே பெரிய தரிசனமாக அமைந்துவிடும். நீர்மட்டம் நன்றாகக் குறைந்திருக்கும் காலமானால், அணை கட்டியபோது மூழ்கிய பண்ணவாடிக் கோயிலின் நந்தி வெளியே தெரியும்.

இரவு மேட்டூரிலோ பவானியிலோ தங்கலாம். மேட்டூரிலிருந்து நெரிஞ்சிப்பேட்டை, அம்மாபேட்டை வழியாகப் பவானிக்கு வரும் சாலை ஆற்றை ஒட்டியே வருகிறது. மின்உற்பத்திக்காகக் கட்டிய கதவணைகள் ஆங்காங்கே தேக்குவதால் காவிரி இங்கே ஏரியைப் போல அசையாமல் நிற்கும். மூன்றாம் நாள் காலையில் பவானி கூடுதுறையில் குளித்துச் சங்கமேசுவரரை வணங்கிவிட்டு, விருப்பமிருந்தால் ஒரு ஜமுக்காளம் வாங்கிக்கொண்டு, ஈரோடு, கொடுமுடி, கரூர் வழியாக வரலாம். கரூருக்கும் குளித்தலைக்கும் இடையே மாயனூர் கதவணை. திருச்சிக்கு முன்னால் முக்கொம்பு; கொள்ளிடம் பிரியும் இடம் இதுதான், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மதகுகள் உடைந்த கொள்ளிடம் அணைக்குப் பதிலாகக் கட்டிய புதிய அணையையும் பார்த்துவிடலாம். குழந்தைகள் களைத்திருந்தால் இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். முக்கொம்பில் பூங்கா இருப்பதால் அவர்கள் அதையே விரும்புவார்கள்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். மாலை வெளிச்சம் மிச்சமிருந்தால் கல்லணை வந்து, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு வழியாகப் போவது நல்லது. கும்பகோணம் பக்கம் போகிறவர்களுக்கு இது வசதியும்கூட. இருட்டிவிட்டால் இந்த வழி வேண்டாம். சாலை குறுகலானது, அறுவடைக் காலமானால் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருக்கும், குவியலைச் சுற்றி வைத்த கற்களை இரவில் எடுக்காமலே விட்டுப் போயிருப்பார்கள்.